பல சமூகங்கள் கலந்து வாழும் ஊரில் நம்பிக்கை குறையுமா? நீலகிரியை வைத்துப் பேசுவோம்

சாரல்_குன்னூர் (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, காலை 10:20

எல்லோருக்கும் வணக்கம். பல இனத்தவர் சேர்ந்து வாழும் இடங்களில் மக்கள் ஒருவரை ஒருவர் குறைவாகவே நம்புகிறார்கள் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 2007ல் எழுதினார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 41 பகுதிகளில் ஏறக்குறைய 30,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்புதான் அதற்கு அடிப்படை. கலப்பு அதிகமான இடங்களில் வேற்று இனத்தவர் மேல் மட்டுமல்ல, சொந்த இனத்தவர் மேலும் நம்பிக்கை குறைவாம். நெருங்கிய நண்பர்கள் குறைவு, பொதுக்காரியத்தில் இறங்குபவர்கள் குறைவு, டிவி முன்னால் உட்காரும் நேரம் அதிகம். 'என் வாழ்க்கை நன்றாகப் போகிறது' என்று சொல்பவர்களும் குறைவு.

இதைப் படித்த பிறகு நம் மாவட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளதாக மத்திய அரசு பட்டியலிட்ட ஆறு பழங்குடிகளும் இங்கே இருக்கிறார்கள். படகர்கள் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், மலையாளிகள், கன்னடம் பேசுபவர்கள், வயநாடன் செட்டிகள், கோவை, மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள், இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வருபவர்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7,35,394 தான். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பேர். புட்னம் சொல்வது சரி என்றால் நாம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியா இருக்கிறோம்? உங்கள் ஊரில், வேலை செய்யும் இடத்தில் பார்த்ததை எழுதுங்கள்.

மஞ்சூர்ப்பனி | ஞாயிறு, காலை 11:02

அப்படித்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன் அக்கா. ஊட்டி மாரியம்மன் தேர்த்திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள் உபயம் உண்டு. தேர் வரும்போது எல்லோரும் சேர்ந்துதான் உப்பு வீசுகிறோம். ஆனால் அடுத்த வாரம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி 'நீங்க எந்த ஆளுங்க?' என்பதுதான். சேர்ந்து தேர் இழுப்பது வேறு, சாவியைக் கையில் கொடுப்பது வேறு. அந்த அமெரிக்கர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தாளும்_எண்ணும் | ஞாயிறு, மதியம் 1:40

சொந்த ஊர் கோத்தகிரி, வேலை கோவையில். புள்ளிவிவரம்தான் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

புட்னம் பயன்படுத்திய அதே தரவை மரியா அபாஸ்கல், டெலியா பல்தஸ்ஸாரி என்ற இருவர் மறுபடி எடுத்து அலசி 2015ல் வெளியிட்டார்கள். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் எந்தப் பகுதியில் வாழ்ந்தாலும் அவர்களிடம் பிறர் மீதான நம்பிக்கை குறைவாகவே இருக்கிறது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்: ஏமாற்றப்பட்ட அனுபவம், வறுமை, வீடு நிலைக்காமை. அவர்கள் அதிகமாக வாழும் இடம்தான் 'கலப்பு அதிகமான இடம்' என்று கணக்கில் வருகிறது. அதனால் சராசரி விழுகிறது, பழி கலப்பின் மேல் போகிறது. கலப்போடு சேர்ந்து நம்பிக்கை இறங்குவது முக்கியமாக வெள்ளையர்களிடம்தான் தெரிந்தது.

அதற்காகப் புட்னம் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020ல் டென்மார்க் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 87 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எதிர்மறைத் தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது. அக்கம்பக்கத்தார் மீதான நம்பிக்கையில் அது சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. மஞ்சூர்ப்பனி சொன்ன வாடகை வீட்டுக் கதைக்கு இது பொருந்தும்.

நான் கேட்பது வேறு. 'எத்தனை சமூகம் இருக்கிறது' என்று எண்ணினால் மட்டும் போதுமா? யாருக்குக் கீழே யார் வேலை செய்கிறார்கள், யாருக்குப் பட்டா இருக்கிறது, யார் வீடு யார் கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு எண்ணினால் நீலகிரியைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

பழைய_இந்துநகர் | ஞாயிறு, மாலை 6:15

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவன். 1960ல் தொடங்கிய கம்பெனி. இங்கே தயாரான எக்ஸ்ரே பிலிம் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. எச்பிஎஃப் என்றால் இன்றைக்குப் பிள்ளைகளுக்கு இடிந்த கட்டடம்தான் ஞாபகம் வரும், அதனால் சொல்கிறேன்.

நான் படகன், கேத்திப் பக்கம் ஒரு ஹட்டி (எங்கள் படகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்). வேலைக்குப் போகும் வரை எனக்குத் தெரிந்த உலகம் எங்கள் ஹட்டியும் மாமன் ஹட்டியும்தான். கம்பெனியில் என் ஷிப்டில் ஒரு பாலக்காட்டுக்காரர், ஒரு திருநெல்வேலிக்காரர், காந்தலில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் நண்பர், பட்டியல் சாதியைச் சேர்ந்த இரண்டு பேர். பிலிம் வேலை இருட்டில் நடக்கும். முகம் தெரியாது, குரலும் காலடியும்தான். பக்கத்தில் நிற்பவன் கவனம் தப்பினால் நம் கை மாட்டும். அங்கே நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு என்ன ஆகப்போகிறது?

அதைவிடப் பெரிய விஷயம் சம்பளம். ஒரே கிரேடு என்றால் ஒரே சம்பளம். யூனியன் தேர்தலில் யாருக்கும் தன் ஆட்கள் ஓட்டு மட்டும் போதாது. படகன் ஜெயிக்க மலையாளி ஓட்டு வேண்டும், மலையாளி ஜெயிக்கத் தமிழன் ஓட்டு வேண்டும். அதனால் எல்லோர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவோம், சாவுக்கும் போவோம். முதலில் ஓட்டுக்காகப் போனவர்கள்தான். பிறகு அது பழக்கமாகி, ஓட்டு மறந்து போனது. என் மகள் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவர் யூனியனில் எனக்கு எதிர் அணி.

கம்பெனி மூடிய பிறகு எல்லோரும் கலைந்துவிட்டோம். பாலக்காட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார். நான் ஹட்டிக்குத் திரும்பினேன். என் பேரனுக்கு இப்போது அவன் ஸ்கூல் வேனில் வரும் பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் தெரியாது. அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் பேக்டரி 1904லிருந்து ஓடுகிறது, அங்கே இந்த மாதிரிப் பழக்கம் இன்னும் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அந்தக் காலத்திலேயே இந்த மலையில் தோடர் நெய் கொடுப்பார், கோத்தர் மண்வெட்டியும் பானையும் கொடுப்பார், குறும்பர் தேன் கொடுப்பார், நாங்கள் தானியம் கொடுப்போம். ஒருவரை விட்டு ஒருவர் வாழவில்லை. அந்த ஒற்றுமை நம் ரத்தத்தில் இருக்கிறது.

வெலிங்டன்_வாசி | ஞாயிறு, இரவு 8:30

ஐயா, கார்டைட் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. ஒரே வரிசையில் ஐந்து மொழி. ஆனால் இப்போது நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை கூடிவிட்டது. ஒப்பந்தத்தில் வருபவருக்குக் குவார்ட்டர்ஸும் இல்லை, சங்கத்தில் இடமும் இல்லை.

கோக்கால்_குரல் | ஞாயிறு, இரவு 10:48

பழைய_இந்துநகர் ஐயா, கம்பெனி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நான் கோத்தர். கொடுக்கல் வாங்கல் இருந்தது, மறுக்கவில்லை. இரும்பு வேலை, தச்சு, பானை எல்லாம் எங்கள் கை. உங்கள் ஹட்டியில் சாவு விழுந்தால் எங்கள் ஆட்கள் வந்துதான் கொள் என்ற குழலும் தப்பட்டையும் வாசித்தார்கள். ஆனால் வாசித்துவிட்டு எங்கே நின்றார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதும் எங்கள் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எங்களைத் தாழ்வாக வைத்துத்தான் அந்த ஏற்பாடு நடந்தது. அப்புறம் 1930களில் உங்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் கோத்தர் வாத்தியம் வேண்டாம் என்று தள்ளினார்கள். ஒருவரை விட்டு ஒருவர் வாழ முடியாது என்றால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடிந்திருக்குமா?

குறும்பர்கள் கதை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டில் சூனியம் வைத்தார்கள் என்று சந்தேகப்பட்டுக் குறும்பர்களைக் கும்பலாகக் கொன்றிருக்கிறார்கள். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. தேனுக்கும் அவர்கள் வேண்டும், பயிருக்குக் காவல் மந்திரத்துக்கும் அவர்கள் வேண்டும், குழந்தை செத்தால் பழி போடவும் அவர்கள் வேண்டும்.

சண்டைக்காக இதை எழுதவில்லை. 'அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமை' என்று சொல்லிவிட்டால், இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சே எழாது. உங்கள் இருட்டறையும் எங்கள் பழைய ஏற்பாடும் ஒன்றல்ல. கம்பெனியில் ஒரே கிரேடு, ஒரே சம்பளம். பழைய ஏற்பாட்டில் கிரேடு பிறக்கும்போதே ஒட்டிக்கொள்ளும்.

பழைய_இந்துநகர் | திங்கள், காலை 6:30

தம்பி சொன்னது மனதில் தைத்தது. எங்கள் வீட்டில் கோத்தர் வாசித்ததைப் பற்றி என் பாட்டி ஆசையாகப் பேசுவார். அவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எழுதுங்கள் தம்பி, எங்கள் பிள்ளைகள் படிக்கட்டும்.

தாளும்_எண்ணும் | திங்கள், காலை 9:05

கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே சொன்னது இதுதான். வேற்றுக் குழுக்கள் சந்தித்துக்கொண்டால் மட்டும் வெறுப்பு குறையாது. சம அந்தஸ்து வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், போட்டி இல்லாத கூட்டு வேலை வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். பின்னால் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2006ல் பெட்டிகிரூ, டிராப் இருவரும் பார்த்தபோது பழக்கம் பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் இருந்தால் கூடுதலாகக் குறைகிறது என்றும் தெரிந்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு ஆய்வு உண்டு. அசுதோஷ் வார்ஷ்ணே 2002ல் ஆறு இந்திய நகரங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டார். கலவரம் நடக்கும் அலிகார், அமைதியாக இருக்கும் கோழிக்கோடு என்பது அதில் ஒரு ஜோடி. அன்றாடம் பார்த்துச் சிரிப்பது, பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பது கிராமத்துக்குப் போதும். நகரத்தில் வதந்தி கிளம்பும்போது அது தாங்காது. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை மாதிரி இரண்டு சமூகத்தவரும் உறுப்பினராக இருக்கும் அமைப்புகள் உள்ள நகரம்தான் தாங்குகிறது என்றார். கூடலூரிலிருந்து மலை இறங்கினால் கோழிக்கோடு. இந்துநகர் ஐயாவின் யூனியன் கதையை அவர் கேட்டிருந்தால் புத்தகத்தில் சேர்த்திருப்பார்.

கூடலூர்_மழை | திங்கள், இரவு 9:20

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். எங்கள் கதையையும் சொல்கிறேன்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தன. எங்களைக் கேட்டு யாரும் கையெழுத்துப் போடவில்லை. என் அம்மா பதுளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, மலைக்கு வந்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது, பிறகு அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட கைகள் எங்கள் பெற்றோர் கைகள்.

அங்கேதான் சிக்கல். எந்தக் காட்டை அழித்தோமோ அதில் பணியரும் காட்டுநாயக்கரும் வாழ்ந்தார்கள். வேலைக்காக நாங்கள் வந்தோம், அவர்கள் ஒதுங்கினார்கள். இரண்டு ஏழைச் சமூகங்களை ஒரே நிலத்தில் எதிரெதிரே நிறுத்தியது எங்களில் யாரும் எடுத்த முடிவில்லை. கூடலூரில் ஜென்மம் நிலம், அதாவது பழைய பரம்பரை நிலவுடைமை, என்ற பிரச்சினை வேறு. 1969ல் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது, அதன் 17ஆம் பிரிவு நிலங்கள் வழக்கிலேயே கிடந்தன. பட்டா இல்லாமல் ஒரு தலைமுறையே வாழ்ந்து முடித்துவிட்டது. பட்டா இல்லாதவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் எல்லாம் போட்டிக்காரனாகத்தான் தெரிவான். மலையாளிக்கு எங்கள் மேல் சந்தேகம், எங்களுக்கு அவர்கள் மேல், ஆதிவாசிகளுக்கு எங்கள் இருவர் மேலும். இதைப் போய் 'பல இனம் கலந்ததால் நம்பிக்கை குறைந்தது' என்று ஒரு வரியில் எழுதினால் என் மனம் ஏற்காது. 2022ல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது எங்கள் லைன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் தூங்கவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வேலை இருக்கும் வரைதான் வீடு. நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாத மனிதனிடம் போய் 'உன் பக்கத்து வீட்டுக்காரரை நம்புகிறாயா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்?

லைனுக்குள் நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. எங்கள் வீட்டுக்குப் பூட்டு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மஞ்சூர்ப்பனி | திங்கள், இரவு 10:10

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் அண்ணா. லைனுக்குள் பூட்டு வேண்டாம், ஏனென்றால் எல்லோரும் உங்கள் ஆட்கள். எங்கள் ஹட்டியிலும் அப்படித்தான். எங்கள் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு எங்கே இருந்தாலும் வந்துவிடுகிறோம், ஒருவருக்கு ஒன்று என்றால் ஊரே நிற்கிறது. கலந்து வாழ்ந்தால் இது கரைந்துவிடும் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. என் அக்கா பிள்ளைகளுக்கு எங்கள் படுகு மொழி பேச வரவில்லை.

செவிலி_மலை | செவ்வாய், மதியம் 2:30

மஞ்சூர்ப்பனியின் பயத்தைச் சாதாரணமாக ஒதுக்கக் கூடாது. மனநலத்தில் இதற்கு ஆதாரமே இருக்கிறது. 1939லேயே ஃபாரிஸ், டன்ஹம் இருவரும் சிகாகோவில் கவனித்தார்கள்: தன் இனத்தவர் குறைவாக இருக்கும் பகுதியில் வாழ்பவர்களுக்கு மனநோய் அதிகமாக வருகிறது. 2001ல் தெற்கு லண்டனில் செய்த ஆய்விலும் அப்படித்தான். சிறுபான்மையினர் ஒரு பகுதியில் எவ்வளவு குறைந்த விகிதத்தில் இருக்கிறார்களோ, அவர்களிடையே மனச்சிதைவு நோய் அவ்வளவு கூடுதலாகக் காணப்பட்டது. தன் ஆட்கள் நாலு பேர் பக்கத்தில் இருப்பது ஒரு பாதுகாப்பு. எல்லோரையும் பிரித்து ஆளுக்கொரு மூலையில் கலந்து வைத்துவிட்டால் நல்லது நடந்துவிடாது.

ஆனால் தன் ஆட்களோடு இருப்பதும் பிறரோடு சேர்ந்து வேலை செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988 டிசம்பரில் ஏறத்தாழ 10,000 ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஐந்து சமூகம், ஒரே சங்கம். அதற்கு முன்னால் இவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. அந்தச் சங்கத்தின் தொடர்ச்சியாக 1990ல் மருத்துவமனை வந்தது. செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் அந்தந்தச் சமூகப் பெண்கள். பிரசவத்துக்கு வரவே பயந்த பணியப் பெண் தன் மொழியில் பேசும் நர்ஸைப் பார்த்தால் உள்ளே வருவாள். இந்த மலையில் இதைவிடப் பெரிய காரியம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோயையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு மக்களிடம் அது இருப்பது முதன்முதலில் பதிவானதே 1952ல், நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். மாவட்ட சராசரியை மட்டும் பார்த்தால் இந்த நோய் கண்ணுக்கே தெரியாது. பழங்குடிகள் மாவட்ட மக்கள்தொகையில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. 'நீலகிரி மக்கள் நலமாக இருக்கிறார்கள்' என்ற வரிக்குள் யாருடைய வலி மறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கிறது.

வெலிங்டன்_வாசி | செவ்வாய், மாலை 5:12

ஜார்க்கண்ட் ஆட்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பதில் பாதிப் பேர் அவர்கள்தான். குறைந்த கூலிக்கு வருகிறார்கள் என்று நம் ஆட்களுக்குக் கோபம்.

கூடலூர்_மழை | செவ்வாய், இரவு 8:45

அவர்களில் பலர் சந்தால், ஒராவோன், முண்டா ஆதிவாசிகள். நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் முன்னோரை அசாம் தோட்டங்களுக்குக் கூட்டிப்போனதும், எங்கள் முன்னோரைச் சிலோனுக்குக் கூட்டிப்போனதும் ஒரே மாதிரியான கங்காணிகள், ஒரே மாதிரியான கடன். கூலியைக் குறைத்துக் கொடுப்பவர் மேல் வர வேண்டிய கோபம் வாங்குபவர் மேல் போகிறது. எங்களைச் 'சிலோன்காரன்' என்று தள்ளி வைத்தது இன்னும் மறக்கவில்லை. அதையே நாங்கள் அவர்களுக்குச் செய்வதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சாரல்_குன்னூர் | புதன், காலை 7:50

இதை ஒட்டி ஒரு உதவி வேண்டும். எங்கள் தெருவுக்குக் கீழே உள்ள தோட்டத்தில் ஜார்க்கண்ட் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பகலெல்லாம் லைன் வாசலில் இருக்கிறார்கள். ஒரு தாய் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஜூனில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இந்துநகர் ஐயா சொன்ன மாதிரி கலந்து பழகும் கம்பெனி இனி வராது. பள்ளிக்கூடமாவது இருக்கிறதே என்று நினைத்தேன். யாருக்காவது விதிமுறை தெரியுமா?

கோக்கால்_குரல் | புதன், காலை 9:15

தெரியும் அக்கா, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக அலைந்திருக்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம். 14ஆம் பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. 15ஆம் பிரிவின்படி கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அதைக் காரணம் காட்ட முடியாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும்.

தாளும்_எண்ணும் | புதன், காலை 9:40

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவையும் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கு ஏற்ற இடம் தர வேண்டும். வார்ஷ்ணே சொன்ன கலப்பு அமைப்பு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் சட்டப்படி இருக்கிறது, நாம்தான் கூட்டத்துக்குப் போவதில்லை. பிள்ளைகள் சேர்ந்த பிறகு அந்தத் தாய்மாரில் ஒருவரைக் குழுவுக்குக் கொண்டுவர முடியுமா பாருங்கள்.

பழைய_இந்துநகர் | புதன், காலை 11:00

அம்மா, எந்தப் பள்ளிக்கூடம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், நானும் வருகிறேன். கம்பெனியில் பீகார்க்காரரோடு வேலை பார்த்ததில் எனக்கு இந்தி ஓரளவு வரும், அந்தத் தாய்மாருக்குப் பேச ஆள் வேண்டுமே. கையில் எழுதிய மனு இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தலைமை ஆசிரியரிடம் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும்.

சாரல்_குன்னூர் | புதன், மதியம் 12:25

அனுப்பிவிட்டேன் ஐயா. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பள்ளி வாசலில் சந்திப்போம். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அரை நாள் கூலி போகும் என்று கவலைப்பட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.